நோயுற்ற குழந்தைக்கும் மருத்துவமனைக்கும் இடையே

கோலியனூர் கூட்டுச்சாலையில் நின்று பார்ப்பவர் எவரும் இப்பகுதியில் மருத்துவ வசதிக்குப் பஞ்சம் என்று கூற இயலாது. மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் விழுப்புரம் நகரம். அதற்கு வடக்கே, சென்னை செல்லும் நெடுஞ்சாலையில், 2010 முதல் இயங்கிவரும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கிழக்கே வளவனூர், கண்டமங்கலம் வழியாகச் சென்றால் புதுச்சேரியும் ஜிப்மரும். திண்டிவனம் பகுதி மக்களுக்கும் ஜிப்மர் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில்தான் உள்ளது. இவற்றோடு ஆரம்ப சுகாதார நிலையங்களும் தனியார் மருத்துவமனைகளும் இருக்கின்றன.

இருந்தும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் நோயின் மூன்றாம் நாளில், நான்காம் நாளில், மூச்சு வாங்கிக்கொண்டோ கண் குழிந்து துவண்டோ எங்கள் பிரிவுக்கு வருகின்றனர். அரை மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய ஊரிலிருந்து வர மூன்று நாட்கள் எவ்வாறு ஆகின்றன? இக்கட்டுரையில் இதனையே ஆராய விரும்புகிறோம். குடும்பத்தாரைக் குறை கூறுவது எங்கள் நோக்கம் அன்று. எந்தத் தாயும் வேண்டுமென்றே காலம் தாழ்த்துவதில்லை.

தாய்மார் இறப்புக்கான காரணங்களை ஆராய்ந்த தாடியஸ், மெயின் என்னும் இரு ஆய்வாளர்கள் 1994-இல் ஒரு விளக்கத்தை வெளியிட்டனர். நோயாளிக்குச் சிகிச்சை கிடைப்பதற்குள் மூன்று இடங்களில் காலம் வீணாகிறது என்பது அதன் சாரம். மருத்துவமனைக்குச் செல்வது என்று வீட்டில் முடிவெடுப்பதில் ஒரு தாமதம். போய்ச் சேருவதில் ஒரு தாமதம். சேர்ந்த பின் உரிய சிகிச்சை பெறுவதில் மற்றொரு தாமதம். குழந்தைகளுக்கும் இது அப்படியே பொருந்தும். நம் பகுதியில் இம்மூன்றில் மிக நீண்டது முதலாவது என்பது எங்கள் கருத்து. சாலையில் கழிவது நிமிடங்கள். வீட்டில் கழிவதோ நாட்கள்.

பல குடும்பங்களில் நாங்கள் கேட்டறிந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறோம். பத்து மாதக் குழந்தைக்குச் சளியும் இருமலும். முதல் நாள் கைவைத்தியம். இரண்டாம் நாள் காய்ச்சல். மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய டானிக். அன்றிரவு குழந்தை சரியாகப் பால் குடிக்கவில்லை என்பதைத் தாய் கவனிக்கிறார். கணவர் சென்னையில் கட்டட வேலையில் இருக்கிறார். கைபேசியில் அழைத்தால், "அம்மாவைக் கேளு" என்கிறார். மாமியார், "இவங்கப்பனுக்கும் சின்ன வயசுல இப்படித்தான் வரும், விடிஞ்சதும் பார்த்துக்கலாம்" என்கிறார். விடிந்தால் கரும்பு வெட்டு. கூலியை விட முடியாது. மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். கறவை மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். மூன்றாம் நாள் மாலை வேலை முடிந்து, கடன் வாங்கிய பணத்தோடு புறப்படுகிறார்கள். "ஏன் நேற்றே வரவில்லை?" என்று கேட்டால், "அவங்கப்பா வரட்டும்னு இருந்தோம்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

இந்த விடையில் அறியாமை இல்லை. குழந்தை சரியில்லை என்பது அத்தாய்க்கு இரண்டாம் இரவே தெரிந்திருந்தது. அவரிடம் இல்லாமற்போனவை மூன்று: புறப்படுவதற்கான அனுமதி, கையில் பணம், மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். குழந்தையின் அருகில் இருப்பவரிடம் முடிவெடுக்கும் உரிமை இல்லை. உரிமை உள்ளவரோ குழந்தையின் அருகில் இல்லை.

அடுத்து, நோய்க்கு வீட்டில் வைக்கப்படும் பெயர். நம் ஊர்களில் குழந்தை வாந்தி எடுத்து உணவை மறுத்தால் 'தொக்கம்' என்பர். எடுப்பவரிடம் கொண்டு செல்வர். அவர் எதையோ எடுத்துக் காட்டுவார், அனைவருக்கும் நிம்மதி. வாந்திக்குக் காரணமான நோய் மட்டும் உள்ளேயே இருக்கும். கை கால் வெட்டி இழுத்தால் 'மாந்தம்' என்பர். அது வலிப்பு. அதன் பின்னே சாதாரணக் காய்ச்சலும் இருக்கலாம், மூளைக்காய்ச்சலும் இருக்கலாம். வீட்டிலிருந்து வேறுபடுத்தி அறிய முடியாது. குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் ஊற்றாமல், கையில் இரும்பைத் திணித்து நேரத்தைக் கழிக்காமல் உடனே அழைத்து வர வேண்டும்.

'உச்சிக்குழி விழுந்துவிட்டது' என்று பாட்டிமார் சொல்லும்போது நாங்கள் மிகுந்த மதிப்போடு கேட்கிறோம். அது உண்மையான அறிகுறி. வயிற்றுப்போக்கினால் உடலின் நீர் வற்றும்போது கைக்குழந்தையின் உச்சிக்குழி உள்ளே வாங்கும். அவர்கள் கண்டுபிடித்தது சரி. ஆனால் மேலண்ணத்தை விரலால் அழுத்துவதால் குழி நிரம்பாது. இழந்த நீரும் உப்பும் உடலுக்குள் சென்றால்தான் நிரம்பும்.

அம்மை கண்ட வீட்டின் நிலை வேறு. வேப்பிலை கட்டி, மருந்து எதுவும் தராமல், வெளியே எங்கும் கொண்டு செல்லாமல் வைத்திருக்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. அம்மனுக்குரிய மரியாதையை எவரும் கைவிட வேண்டியதில்லை. தட்டம்மை தனியே வருவதை விட, அதன் பின்னே வரும் நிமோனியாவும் வயிற்றுப்போக்குமே குழந்தைகளைக் கொல்கின்றன என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தட்டம்மை கண்ட குழந்தைக்கு அடுத்தடுத்த இரு நாட்களில் வைட்டமின் ஏ கொடுக்கப்பட வேண்டும். அது கண்களையும் உயிரையும் காக்கும். வேப்பிலை அது பாட்டுக்கு இருக்கட்டும். குழந்தை மருத்துவரைப் பார்க்கட்டும்.

ஒரு பழக்கத்தை மட்டும் ஒளிவுமறைவின்றிக் கண்டிக்கிறோம். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவதும் எண்ணெய் விடுவதும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் வரும் நிமோனியா எளிதில் குணமாவதில்லை. வசம்பு உரைத்து ஊற்றும்போது புரையேறி வரும் கைக்குழந்தைகளையும் பார்க்கிறோம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும்; தண்ணீர்கூட வேண்டாம்.

வீட்டிலிருந்து புறப்பட்ட பின்னும் பல குழந்தைகள் நேராக மருத்துவமனைக்கு வருவதில்லை. இடையில் மருந்துக்கடை இருக்கிறது. படிப்பு என்னவென்று தெரியாத, ஊசி போடும் ஒருவர் இருக்கிறார். அங்கே கூட்டம் இல்லை, உடனே பார்க்கிறார், கடனுக்கும் பார்க்கிறார், அன்பாகப் பேசுகிறார். இவையெல்லாம் உண்மையே என்பதால்தான் மக்கள் அங்கே செல்கின்றனர். ஊசியால் காய்ச்சல் சில மணி நேரம் இறங்கும். நோய் குறைந்தது போலத் தோன்றும் அந்த ஒரு நாளே பல சமயங்களில் விலைமதிப்பற்ற நாள்.

இருமல் மருந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த இளங்குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அம்மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் இருந்தது ஆய்வில் வெளிப்பட்டது. அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். கடையில் தாமாக வாங்கியவர்கள் மட்டுமன்று, மருத்துவர் எழுதித் தந்து வாங்கியவர்களும் பாதிக்கப்பட்டனர். ஆகவே நாங்கள் சொல்வது இது: சளி இருமல் உள்ள இளங்குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இருமல் மருந்தே தேவையில்லை. நாங்கள் எழுதித் தராமல் அனுப்பினால், கவனிக்காமல் அனுப்பிவிட்டோம் என்று கருத வேண்டாம்.

காய்ச்சல் மருந்தான பாரசிட்டமாலிலும் ஒரு கவனம் தேவை. சொட்டு மருந்தாக விற்கப்படுவதில் பெரும்பாலும் ஒரு மில்லி லிட்டருக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லி லிட்டருக்கே 125 அல்லது 250 மில்லிகிராம்தான். சொட்டு மருந்தைச் சிரப்பைப் போல அளந்து கொடுத்தால் இரண்டு முதல் நான்கு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். வீட்டுத் தேக்கரண்டி வேண்டாம். பாட்டிலோடு வரும் அளவு மூடியையோ மருந்து உறிஞ்சியையோ பயன்படுத்துங்கள்.

எப்போது காத்திருக்கலாம், எப்போது காத்திருக்கக் கூடாது என்பதை வீட்டிலேயே அறிய ஓர் எளிய வழி உண்டு. குழந்தையின் மூச்சை எண்ணுவதே அது. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதைப் பாருங்கள். கைபேசியில் ஒரு நிமிடம் வைத்து, முழு நிமிடமும் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால் இன்னும் கவலைக்குரியது. உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளின் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்பிக்கும் முறை இதுவே. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இதைச் செய்யலாம். நூறு வரை எண்ணத் தெரிந்தால் போதும்.

மூச்சு எண்ணிக்கை எதுவாயினும், குழந்தையால் குடிக்கவோ பால் உறிஞ்சவோ முடியாதபோது, குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கும்போது, வலிப்பு வந்தபோது, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவண்டு கிடக்கும்போது ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையாயின் காய்ச்சல் மட்டுமே போதும், உடல் சில்லிட்டிருந்தாலும் போதும், உடனே வர வேண்டும். உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவியிருந்தாலும் அவ்வாறே.

வயிற்றுப்போக்கில் சிகிச்சையின் பெரும்பகுதி உங்கள் கையில்தான் உள்ளது. 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகாலனாபிஸ் என்னும் மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாய்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது நான்கு பேருக்கும் குறைவாக ஆயிற்று. அந்த நீரே இன்று நம் அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் விலையின்றிக் கிடைக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம். பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை உத்தேசமாகக் கரைப்பது தவறு. ஒவ்வொரு முறை வயிற்றாலே போன பின்னும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி லிட்டர், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி லிட்டர். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக மீண்டும் தொடங்குங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிடுங்கள். துத்தநாக மாத்திரையை, வயிற்றுப்போக்கு நின்ற பின்னும், 14 நாள் முழுவதும் கொடுங்கள். கடையில் அட்டைப் பெட்டியில் விற்கப்படும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்று ஆகா. அத்தகைய பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று அச்சிடுவதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை செய்தது.

சாலைத் தாமதம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். 108 ஊர்தி 2008 முதல் தமிழகத்தில் இயங்குகிறது, கட்டணம் கிடையாது, விபத்துக்கும் பிரசவத்துக்கும் மட்டுமன்றி நோயுற்ற குழந்தைக்கும் வரும். வழியில் குழந்தையை மார்போடு அணைத்து வையுங்கள். பால் குடிக்க முடிந்தால் கொடுத்துக்கொண்டே வாருங்கள். இரு சக்கர வண்டியில் வரும்போது முகத்தை முழுவதும் துணியால் மூட வேண்டாம். மூச்சு திணறுவது எவர் கண்ணுக்கும் படாது. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் மழைக்குப் பின், தென்பெண்ணை பெருகி நெடுஞ்சாலையிலேயே போக்குவரத்து நின்றதை நம் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். மழைக்கால எச்சரிக்கை வந்தால், ஏற்கெனவே உடல்நலம் குன்றியுள்ள குழந்தையை முன்னதாகவே காட்டிவிடுவது நல்லது.

இனி மூன்றாவது தாமதம். இது எங்கள் தரப்பைச் சேர்ந்தது. எந்த மருத்துவமனையிலும் ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் துவண்ட குழந்தையும் சாதாரணச் சளியுள்ள குழந்தையும் ஒன்றாகவே நிற்கின்றனர். மேற்சொன்ன அறிகுறி ஒன்று இருந்தாலும் வரிசையில் நிற்காதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்கு வந்து, "குழந்தை பால் குடிக்கவில்லை", "வலிப்பு வந்தது" என்று உரக்கச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம், அது சண்டை ஆகாது. தாமதமாக வந்த தாயை, "இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?" என்று கடிந்துகொள்ளும் வழக்கம் மருத்துவ உலகில் பரவலாக உள்ளது. அதனால் எந்தக் குழந்தையும் பிழைத்ததில்லை. அத்தாய் அடுத்த முறை இன்னும் தயங்குவார். முன்பு கொடுத்த மருந்துகளையும் மறைப்பார். வேறு எங்கே காட்டினீர்கள், என்ன கொடுத்தீர்கள் என்று நாங்கள் கேட்பது விசாரணைக்காக அன்று. என்ன மருந்து ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்ததை முடிவு செய்ய இயலும். பாட்டில்கள், சீட்டுகள், மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

பணமும் ஆவணங்களும் பெரிய தடை. திண்டிவனம், மரக்காணம் பக்கம் செங்கல் சூளைகளிலும் உப்பளங்களிலும் வேலை செய்யும் குடும்பங்கள், குறிப்பாக இருளர் குடும்பங்கள் சில, குடும்ப அட்டையோ ஆதாரோ இல்லாததால் மருத்துவமனை வாயிலையே மிதிக்கத் தயங்குகின்றன. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு முதலில் சிகிச்சை, பிறகே மற்றவை என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே கூறியுள்ளது. அட்டை பிறகு வரலாம். ஒரு வயது வரையுள்ள நோயுற்ற குழந்தைக்கு அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, போக்குவரத்து அனைத்தும் கட்டணமின்றி வழங்கப்பட வேண்டும் என்பது ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் விதி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. குழந்தை நலமாக இருக்கும்போதே இந்த அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். நள்ளிரவில் வருமானச் சான்று வாங்க முடியாது.

சிகிச்சை முடியும் முன்பே கையெழுத்துப் போட்டுக் குழந்தையை அழைத்துச் செல்வதும் ஒரு தடையே. காரணங்கள் எங்களுக்குத் தெரியும்: வீட்டில் மற்றொரு பிள்ளை, அறுவடை, உறவில் ஒரு சாவு. போவதற்கு முன் காரணத்தை எங்களிடம் சொல்லுங்கள். சில சமயம் மீதி ஊசிகளை உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட ஏற்பாடு செய்ய முடியும். தாய்க்குப் பதிலாக இரு நாள் பாட்டி தங்கலாம். சொல்லாமல் போனால் எதுவும் செய்ய இயலாது.

மாதிரிப் பதிவு முறையின் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 13 பேர் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தனர். இந்தியா முழுமைக்கும் அது 28. நாம் பெரும் தொலைவு வந்திருக்கிறோம். தடுப்பூசிகளும் அதற்கு ஒரு காரணம். நிமோனியாவுக்கு எதிரான நியூமோகாக்கல் தடுப்பூசியும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் இப்போது அரசு அட்டவணையிலேயே உள்ளன. எஞ்சியுள்ள அந்த 13-ஐக் குறைக்க, கட்டடங்களும் கருவிகளும் மட்டும் போதா.

ஆகவே ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒன்றை வேண்டுகிறோம். குழந்தை நன்றாக இருக்கும் ஒரு நாளில், தாய், தந்தை, பாட்டி, தாத்தா அனைவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று தெரிந்தால், குழந்தையோடு இருப்பவர் எவராயினும், எவரையும் கேட்காமல் புறப்படலாம். கணவருக்குத் தகவல் வண்டியில் ஏறிய பின் சொன்னால் போதும். வெளியூர் வேலைக்குச் செல்லும் தந்தையர் இந்த வார்த்தையை மனைவியிடமும் தம் தாயிடமும் நேரில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். அவசரத்தில் கைபேசி எடுக்கப்படாமற்போகலாம். போக வர ஆகும் செலவுக்கான ஒரு சிறு தொகையைத் தனியே ஒரு டப்பாவில் போட்டு, வேறு எதற்கும் தொடாமல் வையுங்கள். மூத்த பிள்ளையையும் மாட்டையும் பார்த்துக்கொள்ள எந்த வீட்டாரிடம் சொல்வது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். அவர்கள் பிள்ளைக்கு ஒன்று என்றால் நீங்கள் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள்.

இதில் பாட்டிமாரின் இடம் பெரிது. வீட்டில் எதிர்ப்பவர் என்று நினைக்கப்படும் மாமியாரே, காரணம் விளங்கிவிட்டால், முதல் ஆளாகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். எனவே அடுத்த தடுப்பூசிக்கு வரும்போது தாய் சேய் நல அட்டையோடு மாமியாரையோ அம்மாவையோ உடன் அழைத்து வாருங்கள். மூச்சை எவ்வாறு எண்ணுவது என்று உங்கள் குழந்தையை மடியில் வைத்தே அவர்களுக்குக் காட்டித் தருகிறோம்.